ஓட்டனுக்கு மேலே ஒருவர்

எங்கள் பெரியப்பாவுக்குத் தினமும் வேலை வாங்குகிற கண்டாக்கு ஐயாவின் பேரே சில நாள் மறந்துபோகும். செத்துப்போன முன்னோர் பேர் மட்டும் ஒன்றும் மறக்காது. வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் தீபாவளிப் படையலன்று ஆளுக்கோர் இலை போட்டு, பாட்டன், பூட்டன், ஓட்டன், சேயோன் என்று படியேறுவதுபோல ஒவ்வொருவராகப் பேர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுவார். எனக்கு உடம்பு சிலிர்க்கும். தாத்தாவுக்கு மேலேயும் மேலேயும் ஆள் உண்டு, அவர்களுக்கும் முறைப்பேர் உண்டு என்பதே பெரிய அதிசயம். உச்சியில் இருந்த சேயோன், ஆறுவிரல் ஒண்டிமுத்து. அவர் கடலையே பார்த்ததில்லையாம். அவர் மகனான ஓட்டன்தான் கப்பலேறி இலங்கைக்கு வந்தாராம்.

பெரியப்பாவின் தங்கையான எங்கள் அத்தையைப் பெண் கேட்டு மஸ்கெலியாவிலிருந்து வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு வரன் தட்டிப்போயிருந்தது. இந்த மாப்பிள்ளையை அத்தைக்கு நிரம்பப் பிடித்திருந்தது. ஆனால் இரண்டு வீட்டுக்கும் குலசாமி எதுவென்று தெரியாது. முன்னோரைச் சொல்லித்தான் ஒரே வம்சமா என்று பார்க்க வேண்டும். ஒரே வம்சமென்றால் மாப்பிள்ளை அண்ணன் முறை. பேச்சு அதோடு முடிந்துவிடும்.

மாப்பிள்ளையின் அப்பா, மாப்பிள்ளைக்குப் பாட்டனில் தொடங்கித் தன் பக்கத்தைச் சொன்னார். ஓட்டன் வரைக்கும் எல்லாம் வேறு பேர்.

"அவருக்கு அப்பா ஆறுவிரல் ஒண்டிமுத்துன்னு சொல்லுவாங்க. முசிறிப் பக்கமாம். உங்க பக்கம் எப்படிங்க?"

எங்கள் சேயோன் மஸ்கெலியாவிலும் இருக்கிறார்! தேத்தண்ணிக் கோப்பைகளோடு வந்த அத்தை வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

பெரியப்பா ஓட்டன் வரைக்கும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு அத்தையை ஒருதரம் பார்த்தார்.

"அதுக்கு மேல தெரியாதுங்க. கப்பலேறுனதோட விட்டுப்போச்சு."

நான் வாயைத் திறந்தேன். அம்மா அதில் ஒரு முறுக்கைத் திணித்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

அடுத்த தீபாவளிக்கு அத்தையும் மாமாவும் வந்து படையல் முன்னால் நின்றார்கள். பெரியப்பா வழக்கம்போல எல்லா இலையும் போட்டார். பாட்டனையும் பூட்டனையும் ஓட்டனையும் கூப்பிட்டார். கடைசி இலையின் முன்னால் மட்டும் கைகூப்பியபடி பேசாமல் நின்றார். கண் கலங்கியிருந்தது. பாவம், வயசாகிவிட்டது என்று நினைத்து, அவர் காதோடு பேரை எடுத்துக் கொடுத்தேன்.

"கூப்பிடாமலே வருவாரு, சாமி" என்றார் மெதுவாக.

பேர் மறந்ததற்கு இப்படியும் ஒரு சமாளிப்பா என்று எனக்கு அவர்மேல் இரக்கமாக இருந்தது.