மழை பெய்தால் கூட்டம் உண்டு

சாந்தா எமீலியா ஊரில் மழை பிடித்துவிட்டால் எல்லாம் நின்றுவிடும். பந்தாட்டம் இல்லை, சந்தை இல்லை, பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் இல்லை. எந்தக் கூட்ட அறிவிப்பின் அடியிலும் "மழை பெய்தால் கூட்டம் இல்லை" என்று ஒரு வரி இருக்கும். அது இல்லாத அறிவிப்பை ஊரில் ஒருவரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அவரவர் வீட்டில் உட்கார்ந்து மாத்தே பானத்தை உறிஞ்சிக்கொண்டு, தோர்த்தாவுக்கு ஏங்குவார்கள். தோர்த்தா என்பது கோதுமை மாவை வட்டமாகத் தட்டி, நடுவில் ஓட்டை போட்டு, மாட்டுக் கொழுப்பில் பொரிப்பது. மழைக்கென்றே ஏற்பட்ட பண்டம். வெயிலில் யாராவது அதைக் கேட்டால், உடம்புக்கு என்ன என்று விசாரிப்பார்கள்.

ஆகவே ஊர் முடங்குகிற நாளில்தான் நிபியா தெச்சேரா வெளியே கிளம்புவார். மற்ற நாட்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளை அங்கி தைப்பது தொழில். 1993 ஆகஸ்டில் கணவர் இறந்த மாதத்திலிருந்து மழை நாட்களில் தோர்த்தா. லா செவாதா பேட்டையின் பூங்காவில், வடகிழக்கு மூலையில், மூன்று யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு தார்ப்பாய், ஒரு கேஸ் அடுப்பு, ஒரு இரும்புச் சட்டி. இந்தக் கதை நடந்த 2016இல் அவருக்கு வயது அறுபத்தொன்று. அந்த மூலையில் நிற்கத் தொடங்கி இருபத்து மூன்றாவது வருடம்.

பூங்கா என்று பெயர்தான். இரண்டு ஹெக்டேர் வெற்று நிலம், ஒரு கோல்கம்பம், தெற்கே ஓடை. அந்த வருடம் ஏப்ரலில் நகரசபை ஒரு முடிவு எடுத்தது. பூங்காக்கள் இனி எப்படி இருக்க வேண்டும் என்று அந்தந்தப் பேட்டைக்காரர்களே தீர்மானிக்கட்டும். அவர்களே இடத்தை நடந்து பார்க்கட்டும், தாளில் வரையட்டும், ஓட்டுப் போடட்டும். ஜெயித்த வரைபடத்தைச் சபை கட்டிக் கொடுக்கும். ஃபெதெரிகா இதுர்ரால்தே என்ற இருபத்தொன்பது வயதுக் கட்டடக்கலைப் பெண்ணை அனுப்பினார்கள். அவர் சுருட்டிய தாளோடு வந்து, போச்சாஸ் உருண்டை விளையாடும் கிளப் மண்டபத்தில் அதை விரித்தார். பேட்டைக் குழுவுக்குத் தலைவராக அந்தக் கிளப்பின் தலைவர் எடிசன் லர்ரோசா தேர்வானார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், வயது அறுபத்தாறு, குரல் கனத்தது.

பாதை எங்கே, விளக்கு எங்கே என்று ஆளுக்கு ஒரு கருத்து இருந்தது. ஒன்றில் மட்டும் எல்லாரும் ஒன்று. சறுக்கும் ஊஞ்சலும் வைத்த ஒரு விளையாட்டிடம் வேண்டும். இருந்த ஒரே விளையாட்டிடம் பதினான்கு தெரு தள்ளி, நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம். இங்கே எங்கே வைப்பது என்பதிலும் சண்டை இல்லை. தெற்கே சமதரையாகக் கிடந்த புல்வெளியைக் கைகாட்டினார் எடிசன்.

"எந்த மாசம் போனாலும் அந்தப் புல்லு பச்சையாத்தான் இருக்கும். வேற எங்க வைக்கிறது?"

இடத்தை எல்லாரும் சேர்ந்து நடந்து பார்க்க மே 15 ஞாயிறு குறித்தார்கள். மழை. கூட்டம் இல்லை. மே 22, மழை. மே 29, மறுபடியும் மழை. அந்த மூன்று ஞாயிறும் பூங்காவில் இருந்த ஒரே ஆள் நிபியா. நான்காவது முறையாக ஜூன் 12. பத்து நாள் சொட்டு விழாமல், வெயிலில் கண் கூசியது. எழுபது பேர் நடந்தார்கள். எடிசன் தன் கையாலேயே பதினாறு முளைகளை அடித்துச் சிவப்பு நாடா கட்டி, சறுக்கு இங்கே, ஊஞ்சல் அங்கே என்று எல்லை வைத்தார். ஜூலை 24 ஓட்டெடுப்பு.

நிபியாவும் அன்று அவர்களோடு நடந்தார்.

அவருக்கு இரண்டு விஷயம் தெரியும். பெருமழை பெய்தால் இரண்டு தெருக்களின் தண்ணீரும் சரிந்து வந்து அந்தப் பச்சைப் புல்வெளியில் நிற்கும். நான்கு நாளானாலும் வடியாது. சட்டிக்கு முன் நின்று இருபத்து மூன்று வருடமாக அதைப் பார்த்தவர் அவர் மட்டும்தான். தோர்த்தா வாங்க வருகிறவர்கள் அந்த மூலையிலேயே பொட்டலத்தை வாங்கி, சட்டைக்குள் செருகி, திரும்பிப் பார்க்காமல் ஓடுகிறவர்கள். இரண்டாவது விஷயம், அந்தப் பூங்காவில் தண்ணீர் நிற்காத மேடு ஒன்றே ஒன்று. அது அவர் அடுப்பு வைக்கும் இடம்.

வாயை மூடிக்கொண்டால் சாகும்வரை அந்த இடம் அவருடையது. ஆறு நாள் மூடிக்கொண்டுதான் இருந்தார். அந்த ஆறு நாளில் நான்கு அங்கிகளுக்குக் காலரைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தார். ஊஞ்சல் தண்ணீரில் தொங்குவதைவிட இன்னொன்றுதான் அவரை உறுத்தியது. வேறு யாரோ கட்டிக் கெடுத்தால் திட்டலாம். இது அவர்களே வரைந்தது. "பேட்டைக்காரங்ககிட்ட விட்டா இப்படித்தான்" என்று ஊர் சொல்லும். சொன்னால் பதில் இருக்காது.

ஜூன் 18 சனிக்கிழமை, கிளப் மண்டபத்தில் எழுந்து நின்றார்.

"அந்தப் புல்வெளியில தண்ணி நிக்கும். நாலு நாளைக்கு வடியாது."

"நாங்க எழுபது பேர் நடந்து பார்த்தோமே, நிபியா" என்றார் எடிசன். "ஷூல தூசிதான் ஒட்டுச்சு."

"பத்து நாள் காஞ்ச மண்ணுல தூசிதான் ஒட்டும், எடிசன்."

"சரி, எங்க வைக்கணும்ங்கிற?"

"மேட்டுல. யூகலிப்டஸ்கிட்ட."

எடிசன் மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். "கேட்டுக்கிட்டீங்களா? சறுக்குல ஏறுற பிள்ள நேரா நிபியாவோட சட்டிகிட்ட வந்து இறங்கணும். கையில ஒரு தோர்த்தா, வாயில ஒரு தோர்த்தா. நல்ல கணக்குதான்."

மண்டபம் சிரித்தது. நிபியாவுக்குக் காது சிவந்தது. அங்கே விளையாட்டிடம் வந்தால் அந்த மேடு முழுவதும் அதற்கே சரியாகிவிடும், என் அடுப்பைத் தூக்க வேண்டியதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சிரிப்பு அடங்கியிருக்கும். அவர் சொல்லவில்லை.

"ஓட்டுக்கு முன்னால இன்னொரு தடவை நடந்து பார்க்கலாமா?" என்று ஃபெதெரிகாவிடம் கேட்டார்.

"பேட்டைக்காரங்க பத்து பேர் கையெழுத்துப் போட்டுக் கேட்டா நான் வந்தே ஆகணும். விதி இருக்கு."

"அப்ப அறிவிப்புல அந்தக் கடைசி வரியை மாத்திப் போடுங்கம்மா. மழை பெய்தால் கூட்டம் உண்டு. பெய்யலைன்னா இல்லை."

இந்த முறை சிரிப்பு இன்னும் பெரிதாக எழுந்தது. "மழையில எவன் வருவான்?" என்றது பின்வரிசை.

"என்கிட்ட வர்றவங்க வருவாங்க" என்றார் நிபியா.

ஜூன் 24 வெள்ளி, சரியான மழை. சட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்தார். பொட்டலத்துக்கு முன்னால் கையெழுத்து. எதிர்ச்சாரி மருந்துக்கடை சுல்மா ஒலிவேராதான் முதல் ஆள். எழுதிக்கொண்டே கேட்டார்:

"எடிசன் சொன்னதுல ரொம்பக் கோவமா அக்கா?"

"கோவம் எதுக்கு? அடுத்த பெருமழையில தண்ணி வடியுறதுக்குள்ள அவனை இங்க கொண்டுவந்து நிறுத்தணும். அவ்வளவுதான்."

பத்து பேர் போதும் என்ற இடத்தில் இருபத்தாறு பேர். தாள் முழுக்கக் கொழுப்புப் பிசுக்கு, கட்டைவிரல் ரேகைகள். அதை வாங்கிய ஃபெதெரிகா வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "இதைப் பிழிஞ்சா இன்னொரு சட்டி பொரிக்கலாம்போல." என்றாலும் முத்திரை குத்தி எடுத்துக்கொண்டார்.

ஜூலை 8 இரவு தொடங்கிய மழை 9ஆம் தேதி சனிக்கிழமை காலையிலும் விடவில்லை. நிபியா எட்டு மணிக்குப் பேட்டையின் வாட்ஸ்அப் குழுவில் இரண்டே சொல் சொன்னார்: "மழை. வாங்க." பிறகு சட்டியைத் தொடாமல், வெறுங்கையோடு பூங்காவுக்குப் போனார். மழை நாளில் அடுப்பு மூட்டாதது அதுதான் முதல் முறை.

ஒன்பதரைக்கு யாரும் இல்லை. பத்துக்கு ஏழு பேர். பத்தேகாலுக்குள் நாற்பத்து மூன்று பேர் சேர்ந்துவிட்டார்கள். குடை, கோணி, ஒருவர் குப்பைப் பையில் கழுத்துக்கு ஓட்டை போட்டு மாட்டியிருந்தார். கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, மாத்தே கைமாறிக்கொண்டிருந்தது. எடிசன் ரயில்வே மழைக்கோட்டும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸுமாக வந்தார்.

"பார்க்கத்தான் வந்தேன்" என்றார்.

"அதுக்குத்தானே கூப்பிட்டது" என்றார் நிபியா.

தெற்கே போனார்கள். புல்வெளியைக் காணோம். பழுப்புத் தண்ணீர், அதன்மேல் மழைப் புள்ளிகள். பதினாறு முளைகளில் ஐந்தின் நாடா மட்டும் வெளியே தெரிந்தது. சறுக்குக்கு அடித்த முளையாவது சற்று உயர்ந்த தரையில் இருக்கும் என்று எடிசன் தண்ணீரில் இறங்கினார். நாலாவது எட்டில் இடது பூட்ஸ் சேற்றில் பிடித்துக்கொள்ள, கால் மட்டும் மேலே வந்தது, சாக்ஸோடு.

"எடிசன் அண்ணே" என்று குப்பைப் பைக்காரர் கூப்பிட்டார், "சறுக்கு நல்லா வேலை செய்யுது."

நாற்பத்து மூன்று பேரும் சிரித்தார்கள். எடிசனும் சிரிக்க வேண்டியதாயிற்று. ஊஞ்சலுக்குக் குறித்த இடத்தில் ஃபெதெரிகா கோலை இறக்கி அளந்தார். முப்பத்தொரு சென்டிமீட்டர்.

அங்கிருந்து மேட்டுக்கு ஏறினார்கள். யூகலிப்டஸ் அடியில் மண் காலுக்குக் கெட்டியாக இருந்தது. விளையாட்டிடத்துக்குப் பதினெட்டு மீட்டர் நீளம், பன்னிரண்டு மீட்டர் அகலம் தேவை. ஃபெதெரிகா அளவு நாடாவின் ஒரு முனையைப் பிடித்தார்; மறுமுனையை எடிசன் இழுத்துக்கொண்டு போனார், ஒரு பூட்ஸில் தண்ணீர் சளக்கென்று சத்தம் போட. இடம் சரியாக இருந்தது, கையளவு மீதியில்லை. எடிசன் நின்ற இடத்துக்கு நாலடி உள்ளே, தார்ப்பாய் கட்டுகிற இரும்பு வளையங்கள் மரத்தில் தெரிந்தன. அடுப்பு நின்று நின்று கறுத்த மண்ணும் கோட்டுக்குள்தான் இருந்தது.

எடிசன் குனிந்து அந்தக் கறுத்த மண்ணைப் பார்த்தார்.

"இது உன் இடமாச்சே."

"எனக்குத் தெரியாதா?"

"நீ சட்டிக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றன்னு நினைச்சேன். அன்னிக்கே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா பாவம்னு கை தூக்கியிருப்பீங்க. தண்ணிய வந்து பார்த்திருக்க மாட்டீங்க."

எடிசன் மழைக்கோட்டின் தொப்பியைக் கழற்றினார். மழை தலையில் விழுந்தது. "எல்லாரும் கேட்டுக்கங்க" என்றார் அந்தக் கனத்த குரலில். "நிபியா சட்டிக்காகப் பேசுறாங்கன்னு மண்டபத்துல சொன்னவன் நான். மண்டபத்துல சொன்னதை இங்கயே திருப்பி வாங்கிக்கிறேன். குறிப்பேட்டுலயும் எழுதிருங்க."

எழுதினார்கள். அந்தப் பக்கத்தில் மை கொஞ்சம் கரைந்திருக்கிறது. ஆனாலும் படிக்க முடியும்.

ஜூலை 24இல் ஓட்டுப் போட்டவர்கள் இருநூற்றுப் பதின்மூன்று பேர். மேட்டுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு, புல்வெளிக்குப் பன்னிரண்டு, வெற்றுத்தாள் மூன்று. புல்வெளியைத் தண்ணீருக்கே விட்டுவிடுவது, நடுவே ஒரு மரப்பாலம், ஓரத்தில் ஈர மண்ணில் வளரும் சேய்போ மரங்கள் என்றும் தீர்மானமாயிற்று. நிபியாவுக்கு ஒரு கூரை போட்ட கடையையும் வரைபடத்தில் சேர்க்க வேண்டும் என்று சுல்மா ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நிபியா எழுந்து வேண்டாம் என்றார்.

"சேர்த்தா எடிசன் சொன்னது நிஜமாயிரும். உன் கடைத் தாழ்வாரம் இருக்குல்ல, அதுல அரைப் பங்கு குடு, போதும்."

2017 மார்ச் 25 சனிக்கிழமை பூங்கா திறந்தது. வாசல் பலகையில் "இதை வரைந்தவர்கள் லா செவாதா மக்கள்" என்று ஒரு வரி. வேறு பெயர் எதுவும் இல்லை. நிபியா பட்டன் வைத்த நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போய், அந்த வரியைத் தனக்குள்ளே இரண்டு முறை படித்தார். ஏப்ரலில் ஒரே இரவில் எழுபது மில்லிமீட்டர் மழை. மறுநாள் பத்து மணிக்கெல்லாம் பிள்ளைகள் கால் நனையாமல் ஊஞ்சலில் ஆடினார்கள். மருந்துக்கடைத் தாழ்வாரத்தில் மேல்காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருக்கும். முன்பு நூற்றைம்பது தோர்த்தா போன நாளில் இப்போது நூற்றுப் பத்து. அதைப் பற்றி யாராவது கேட்டால், பூங்காவைப் பார்க்கச் சொல்லுவார்.

அந்த மே மாதத்திலிருந்து நகரசபையின் பூங்கா அறிவிப்புகளில் ஒரு புது வரி: பார்வையிடலில் ஒன்று மழை நாளில் நடக்கும். முதல் முறை பலோமார் பேட்டைக்கு வந்தது. லா செவாதாவிலிருந்து யாராவது வந்து எங்களோடு நடக்க முடியுமா என்று அவர்கள் கேட்டனுப்பினார்கள். பெயர் குறிப்பிடவில்லை.

மே 19 வெள்ளிக்கிழமை விடியலில் பிடித்தது. அந்த மாதத்தின் முதல் பெருமழை. சுல்மா காலை ஏழரைக்குக் கடை திறக்க வந்தபோது, தாழ்வாரத்தில் அடுப்பும் இல்லை, ஆளும் இல்லை. போன் போட்டார்.

"எங்க அக்கா இருக்கீங்க? மூணு பேர் வந்து நிக்கிறாங்க. மாவு பிசையலையா?"

"பஸ்ஸுல இருக்கேன், பலோமாருக்கு. இன்னிக்கு இல்லைன்னு சொல்லிரு."

"இன்னிக்குப் போயா லீவு விடுவீங்க? இந்த மாதிரி மழைக்கு வரிசை தெருமுனை வரைக்கும் நிக்கும்."

"அதனாலதான் போறேன்" என்று போனை வைத்தார்.

பலோமாரில் குடைகளோடு பதினெட்டுப் பேர் காத்திருந்தார்கள். முன்னால் நின்றவர் இவரை மேலும் கீழும் பார்த்து, "சபையிலேருந்து வர்றீங்களாம்மா?" என்று கேட்டார்.

"இல்லப்பா. லா செவாதா பூங்காவை வரைஞ்சவங்கள்ல ஒருத்தி" என்றார் நிபியா. "உங்க நிலத்துல எது ரொம்பத் தாழ்வு? முதல்ல அங்க போவோம்."