ஓக் சீவலும் ஒரு கண்ணாடித் தம்ளரும்

வீட்டில் பீர் காய்ச்சுவது சட்டப்படி தவறு. முப்பது வருடம் வேதியியல் பாடம் நடத்திய எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் நான் ஒப்புக்கொள்ள வந்த குற்றம் வேறு.

அமெரிக்காவிலிருந்து வந்த மகன் ஒரு பை ஓக் மரச் சீவலும் ஒரு பாட்டில் பர்பனும் விட்டுப் போனான். பர்பன் என்பது மக்காச்சோளத்தில் வடித்து, உள்பக்கம் கருக்கிய ஓக் பீப்பாயில் வருடக்கணக்கில் கிடந்த விஸ்கி. பீப்பாய் இல்லாதவர்கள் சீவலைப் பர்பனில் ஊறவைத்துப் பீரில் போடலாம் என்று படித்தேன். அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுபத்திரண்டு வயதில் கூரியர்க்காரனுக்காக வாசலில் நின்றேன்.

முளைகட்டிய பார்லியும் கசப்புக்கான ஹாப்ஸ் பூவும் ஈஸ்ட்டும் வந்தன. காய்ச்சி ஆறவைத்து ஈஸ்ட்டோடு ஒரு ட்ரம்மில் ஊற்றி மூடினேன். கள்ளக்குறிச்சி வெயிலுக்குப் பயந்து அதைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டினேன். மறுநாளே மூடியில் சொருகிய குழாய் தண்ணீரில் குமிழி விட்டது. நாற்காலி போட்டு உட்கார்ந்து எண்ணினேன். பத்தாம் நாள் ஊறிய சீவலைப் போட்டேன். வெனிலா, சுட்ட கொட்டாங்கச்சி, லேசாக வெல்லப்பாகு வாசம். என் பின்கட்டு அறையா இது என்று திகைத்தேன்.

நொதிப்பு அடங்குமுன் பாட்டிலில் அடைத்தால் பாட்டில் வெடிக்கும். அடர்த்தி பார்க்கும் கருவி, முடிந்தது என்றது. எனக்குச் சந்தேகம். என் தோட்டத்தைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிட்டேன். இளவயதில் கல்வராயன் மலையில் சாராய ஊறல் பார்த்தவர். குடியை விட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. அவர் மனைவிதான் என் வீட்டில் சமைப்பது. அந்த மூன்று வருடத்தை அந்த அம்மா எப்படிக் கட்டிக் காத்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கூப்பிட்டேன்.

வாசற்படியிலேயே நின்று முகர்ந்தார். பிறகு மண்டியிட்டு ட்ரம்மில் காதை வைத்தார். மலையில் மண்ணில் புதைத்த பானைக்குக் கருவி ஏது, காதுதான்.

"இன்னும் பேசிக்கினு கீது சார். ரெண்டு நாளு வுடுங்க."

இரண்டு நாளில் கருவி இன்னொரு கோடு இறங்கி நின்றது. காது ஜெயித்துவிட்டது! எனக்குத் தலைகால் புரியவில்லை. அவரை உள்ளே அழைத்து, நாற்காலியில் உட்காரச் சொல்லி, என் கண்ணாடித் தம்ளரில் ஊற்றி நீட்டினேன்.

"நமக்கு வாணாம் சார். மோந்து பாத்ததே போதும்."

"இது சாராயம் இல்லைய்யா, பீர். அதுவும் ஓக் போட்டது" என்றேன்.

பதினோரு வருடமாக அவருக்குப் பின்பக்கப் படியில், தனியாக வைத்த எவர்சில்வர் தம்ளரில்தான் டீ. அன்றுதான் முதல்முறையாக நாற்காலி. நுனியில் உட்கார்ந்து குடித்தார். எப்படி என்று கேட்டேன். மரம் நன்றாக இறங்கியிருக்கிறது, காரம்தான் கம்மி என்றார். பூரித்துப்போய் அதை நோட்டில் எழுதிக்கொண்டு, இரண்டாவது தம்ளரும் ஊற்றினேன்.

அதன்பிறகு நான்கு நாள் அவரைக் காணவில்லை. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் விழுந்து கிடந்தவரை அந்த அம்மா தேடிப்பிடித்துக் கூட்டி வந்திருக்கிறது. ஐந்தாம் நாள் காலையில் வந்து, வழக்கம்போல அரிசி களைந்தது. நான் கேட்டதற்கு நிமிராமலே சொன்னது:

"மூணு வருசத்துல எத்தினி பேரு கூப்ட்டாங்க சார். யார் கூடவும் போவல. நீங்க சேர்ல ஒக்கார வெச்சிட்டீங்க."

ட்ரம்மைத் தென்னைக்குக் கவிழ்த்தேன்.

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்கு வந்தார். இளைத்திருந்தார். குடிக்காமல் பதினெட்டு நாள் என்று அந்த அம்மா சொல்லியிருந்தது. நான் அதே நாற்காலியை இழுத்துப் போட்டு, அதே கண்ணாடித் தம்ளரில் டீ கொண்டுபோய் நீட்டினேன். தம்ளரைப் பார்த்தார். கை நீளவில்லை.

"நம்ம தம்ளர்லயே குடுங்க சார்."

மாற்றி ஊற்றிக் கொடுத்தேன். படியில் உட்கார்ந்து குடித்தார்.

மிச்சச் சீவல் இன்னும் அலமாரியில் இருக்கிறது. நேற்றுகூடப் பையைத் திறந்து முகர்ந்தேன். இவ்வளவுக்குப் பிறகும் மனம் துள்ளியது. அதையும் சொல்லாவிட்டால் இது ஒப்புதல் ஆகாது.