பஸ்ஸில் நான் கத்திக் கேட்ட கேள்வி

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு மாமா போன கிழமை தன் வீச்சுவலையை எனக்குச் சும்மா தந்தபோது, சைக்கிளையும் தருவாரோ என்றுதான் நான் எட்டிப் பார்த்தேன். அது ஏற்கனவே மீன்காரியிடம் போயிருந்தது.

மாமி இறந்து ஆறு மாதம்.

ஞாயிறு சேர்ச்சில் பூசை முடிய ஒரு தாதி வந்து பேசினா. "வயசானாக்கள் ஆசையா வச்சிருந்த சாமானெல்லாம் குடுக்கத் தொடங்கினால் நேரே கேளுங்கோ. கேக்கிறதால சாகிற எண்ணம் வராது." எனக்கு மாமாவின் வலையும் சைக்கிளும் ஞாபகம் வந்தன.

இன்று எங்கள் ஊர் தாழ்வுபாட்டு பஸ்ஸில் மாமா என் பக்கத்தில். மெல்லக் கேட்டேன். அவருக்கோ காது மந்தம்.

"என்ன பிள்ளை? சத்தமாக் கேள்!"

"மாமா, சாகலாம் எண்டு யோசிக்கிறியளோ?"

கொண்டக்டர் பாட்டை நிறுத்திவிட்டார்.

"ஓம் பிள்ளை. மனிசி போனதிலயிருந்து. இப்பதான் ஒராள் கேக்குது."

பிறகு பின் சீற்றிலிருந்து ஒரு பெண் குரல்:

"ஐயா, மத்தியானம் எங்கட வீட்டை வாங்கோ. திருக்கைக் கறி!"

"அவவின்ர கறி தொண்டையை எரிக்கும் ஐயா, எங்கட வீட்டை வாங்கோ!"

மாமா சிரித்தார். நான் அழுதுகொண்டே சிரித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போவமோ என்று கேட்டேன், ஓம் என்றார்; சாரதி எங்களை வாசலிலேயே இறக்கிவிட்டார். மனநலக் கிளினிக்கில் டொக்டர் ஆறுதலாகக் கதைத்தார். செவ்வாய் திரும்பவும் வரச் சொன்னார், நானும் கூடப் போகிறேன்.

"பேஸ்புக்கில போடு பிள்ளை, பேரை மட்டும் போடாதை," என்றார் மாமா.

பெயரைப் போடவில்லை என்று என்னை மெச்சாதீர்கள். ஒன்பது வருடம் பக்கத்து வீடு. அவர் பெயரை நான் இன்றைக்குத்தான் கிளினிக் அட்டையில் வாசித்தேன்.