பேத்தை மீனும் ராஜையனின் ஆராய்ச்சியும்

நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் விலங்கியல் டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தார் ராஜையன். தவளையை அறுத்து மாணவர்களுக்குக் காட்டுவது வேலை. தன் மூளைக்கு அது போதாது என்பது அவர் எண்ணம். மனைவி செல்லபாயிடமும் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்.

1951இல் ஒரு கொள்கையைக் கண்டுபிடித்தார். பேத்தை மீனின் ஈரலில் நரம்பை முடக்கும் நஞ்சு இருக்கிறது. கர்ப்பிணி அதைத் தின்றால் பிள்ளையின் மூளையில் நீர் கோத்துத் தலை வீங்கும். முதல் பாதியைக் குளச்சல் கரையில் எந்தப் பொடியனும் சொல்வான். இரண்டாம் பாதி ராஜையனின் சொந்தச் சரக்கு. சினை முயல்களுக்கு ஈரலைக் கரைத்துப் புகட்டினார். ஈனும் முன்பே எல்லாம் செத்தன. கொள்கை உறுதியாகிவிட்டது என்றார்.

இனி ஒரு வீங்கிய தலை வேண்டும். குளச்சலில் மீன் விற்கும் சகாயசெல்வியின் கைப்பிள்ளைக்கு அது இருந்தது. ஏலக்கரையில் அவளைப் பிடித்தார்.

"ஏட்டி, இவன் வயித்தில இருந்தப்போ பேத்தை தின்னியா?"

பேத்தை வலையில் வந்தால் மணலில் வீசுவார்கள். அதைத் தின்றாயா என்று கரையில் ஒருத்தியைக் கேட்பது முகத்தில் துப்புவதற்குச் சமம்.

"பின்ன? மூணு நேரமும் அதுதான் சாரே. ஒமக்க வீட்டுக்கும் ரெண்டு பொதிஞ்சு தரட்டா?"

கூடைக்காரிகள் சிரித்தார்கள். ராஜையன் மூன்று வேளை என்று குறித்துக்கொண்டார். கடலோரத்தார் வலையில் விழுந்ததையெல்லாம் தின்பார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

தலையிலிருந்து ஊசியால் நீரை எடுக்க வேண்டும், தாமதித்தால் பார்வை போய்விடும் என்று மிஷன் டாக்டர் சகாயசெல்வியிடம் சொல்லியிருந்தார். நீரை எடுத்துவிட்டால் ராஜையன் எதை அளப்பார்?

"பொறு. முயலுக்குப் பேத்தை ஈரல் குடுத்துப் பாத்தேன், எல்லாம் செத்துது. இனி இவன் தலை எப்படி வளருதுன்னு அளந்து முடிச்சுக்கிடுதேன். காரணம் தெரியாம வைத்தியம் செய்யப்படாது."

படித்தவர் பேச்சு என்று பொறுத்தாள். பிள்ளையின் கண்மணிகள் இமைக்குள் கீழே இறங்கின. முகத்துக்கு நேரே கையை ஆட்டினாலும் அது திரும்பவில்லை. அடுத்த முறை அவர் அளக்க வந்தபோது பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

"சாரே, நான் பேத்தை தின்னல்ல. அண்ணைக்குக் கிண்டலுக்குச் சொன்னது."

"தெரியாம தின்னிருப்ப."

"தெரியாம தின்னிருந்தா இப்போ கல்லறையில கெடப்பேன். ஒமக்க முயலுகிட்ட கேளும். வழிய விடும் ஓய்!"

ஆஸ்பத்திரியில் நீரை எடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது. ஒரு கண் மட்டும் தப்பியது.

ராஜையன் கல்லூரி மலரில் கட்டுரை எழுதினார். தாயின் அறியாமையால் குழந்தை ஆய்வின் நடுவே விலகிக்கொண்டது என்று வருந்தியிருந்தார். மற்றக் கண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.