பதினெட்டாவது பெயர்

பால் வாங்கும் கடையில் தினமும் ஓர் அட்டை மனிதன் என்னை வரவேற்பான். ஆறடி உயரம், ஆரஞ்சு ஜெர்சி, கக்கத்தில் பந்து, பல்லெல்லாம் தெரியும் சிரிப்பு. இந்த அமெரிக்க ஊரின் கல்லூரி புட்பால் அணியில் அவன்தான் பெரிய ஆள். நிஜப் பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது. ஊரில் இருக்கும் நீங்கள் நம்ப மாட்டீர்கள். செப்டம்பர் பிறந்தால் இங்கே பல் டாக்டர் ஆரஞ்சு டை கட்டுகிறார், சர்ச் வாசலில் அணியின் கொடி பறக்கிறது, சனிக்கிழமை ஆட்டம் என்றால் கல்யாணத் தேதியையே தள்ளிவைக்கிறார்கள். பந்தைக் காலால் தொடுவது அபூர்வம், பெயர் மட்டும் புட்பால். போகட்டும், அவர்கள் ஊர், அவர்கள் பந்து. பக்கத்து வீட்டு கேரி வந்து ‘நாம் ஜெயித்துவிட்டோம்’ என்று கையைக் குலுக்கும்போது நானும் பல்லைக் காட்டிக்கொண்டு குலுக்குவேன்.

போன மாதம், சீசனின் ஐந்தாவது ஆட்டத்தில், அந்தப் பையனின் முழங்கால் பிய்ந்துபோனது. ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனபோது அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. என்னோடு டிவி பார்த்துக்கொண்டிருந்த கேரி கண்ணைத் துடைத்துக்கொண்டான். மூன்றாம் நாள் நான் பால் வாங்கப் போனால், கடைப் பெண் அட்டை மனிதனைக் குப்பைத் தொட்டிக்குள் திணித்துக்கொண்டிருந்தாள். ஆறடி ஆள் உள்ளே போவானா? காலால் ஒரு மிதி மிதித்து, சரியாக முழங்காலில் மடித்தாள். பக்கத்திலேயே இன்னொரு பையனின் அட்டை, அதே சிரிப்போடு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் நின்றது. இவன் கதி இனி என்ன என்று கேட்டேன். அவன் படிப்பு, ஆட்டத்துக்காகக் கிடைத்த உதவித்தொகை எல்லாம் என்ன ஆகும் என்றுதான் கேட்டேன். அவள் அட்டையைக் கேட்கிறேன் என்று நினைத்து, வேண்டுமானால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினாள். எடுத்துவந்து கார் பின்சீட்டில் கிடத்தினேன். வீடு வரைக்கும் கடைக்காரனையும் கல்லூரியையும் கைதட்டின கும்பலையும் திட்டிக்கொண்டே வந்தேன். திட்ட எனக்கு என்ன யோக்கியதை என்பது வண்டியை நிறுத்தின பிறகுதான் உறைத்தது.

எனக்கு மரக்காணம். திண்டிவனம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் படித்தேன். எங்கள் கால்பந்து அணிக்கு நான் கேப்டன், காசி கோல்கீப்பர். காசிக்கும் அவன் அம்மாவுக்கும் உப்பளத்தில் கூலி வேலை. விடிவதற்கு முன்பே பாத்தியில் இறங்கி உப்பு வாரிவிட்டு, பெருமுக்கல் வழியாகப் போகும் பஸ்ஸைப் பிடித்து, வியர்வை காயாமல் வகுப்புக்கு வருவான். அப்படியும் பாதி நாள் வர முடியாது. அவனுக்கு ஒரே நம்பிக்கை ஓ.டி. அதாவது, அணிக்காக ஆடப்போன நாட்களை வகுப்பில் இருந்ததாகவே வைத்துக்கொள்ளும் சலுகை. அது கிடைத்தால் அட்டெண்டன்ஸ் தேறும், ஹால் டிக்கெட் வரும், அவன் வீட்டில் முதல் டிகிரி வரும். ஆடினால் ஓ.டி. நிச்சயம் என்று பி.டி. சார் அவனிடம் என் எதிரிலேயே சொன்னார்.

ஆடினான் பாவி, என்னமாய் ஆடினான்! மிதித்து மிதித்து இறுக்கின பாத்தித் தரையில் வெறுங்காலோடு நடந்து பழகினவன், கோலிலும் வெறுங்காலோடுதான் நின்றான். உப்புத் தண்ணீரில் வெடித்த பாதம், ஆனால் தரையை விடாது. கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் நாலு ஆட்டம் வரிசையாக ஜெயித்தோம். அரையிறுதியில்தான் வந்தது வினை. பூட்ஸ் இல்லாதவன் ஆடக்கூடாது என்றுவிட்டார் ரெஃப்ரி. என் பழைய பூட்ஸைக் கொடுத்தேன். ஒரு சைஸ் சின்னது. வெடிப்பு விழுந்த காலைத் திணித்துக்கொண்டு போய் நின்றான். இடைவேளையில் சாக்ஸ் சிவந்திருந்தது. இன்னும் ஒரு பாதிதானே, சமாளிடா என்று நான்தான் முதுகில் தட்டி அனுப்பினேன். கடைசி நிமிஷத்தில் பெனால்டியைப் பிடித்தான். ஜெயித்தோம். அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு குதித்தோம். மறுநாள் பாதம் சீழ் வைத்து, ஒரு மாதம் அவனால் தரையில் ஊன்ற முடியவில்லை. இறுதி ஆட்டத்தில் வேறு கீப்பரோடு தோற்றோம்.

ஓ.டி. பட்டியலில் பதினெட்டுப் பேருக்குத்தான் இடம். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று பி.டி. சார் என்னையே எழுதச் சொன்னார். பதினேழு எழுதிவிட்டுக் காசி பெயருக்குப் பேனாவை வைத்தபோது, தாளாளரின் சொந்தக்காரப் பையன் பெயரைச் சொன்னார். அவன் பந்தைத் தொட்டதே இல்லை. சார், காசி என்று இழுத்தேன்.

“ஏம்பா, அவன் எப்படியும் உப்பு வாரத்தானே போவப் போறான்? அவனுக்கு எதுக்கு ஓ.டி.? எழுது.”

எழுதினேன். அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது. ஆனால் அவர் சொன்னார், அவ்வளவுதான். எழுதினது என் கை. பதினெட்டாவது பெயரை அழகாக எழுதி, கீழே கேப்டன் என்று கையெழுத்தும் போட்டேன். தூ! காசிக்கு ஹால் டிக்கெட் வரவில்லை. ஆபீஸ் ஜன்னலில் பட்டியலைக் காட்டினார்களாம். என் எழுத்து அவனுக்குத் தெரியாதா? என் பூட்ஸைக் கழுவி, வெயிலில் காயவைத்து, பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தான். கொஞ்சம் டைட்டா இருந்துதுடா, மத்தபடி நல்ல பூட்ஸ் என்றான். அதற்குப் பிறகு கல்லூரிக்கு வரவில்லை. நான் டிகிரி வாங்கி, விமானம் ஏறி, இங்கே வந்து அடுத்தவன் அணிக்குக் கைதட்டிக்கொண்டிருக்கிறேன்.

பழைய அணிக்கு இப்போது ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காசியும் இருக்கிறான். இன்னும் உப்பளம்தான். அட்டை மனிதனைப் படம் எடுத்து அவனுக்குத் தனியாக அனுப்பினேன். பையனின் முழங்கால், கைதட்டல், குப்பைத் தொட்டி எல்லாவற்றையும் குரல் பதிவில் சொன்னேன். இவனுங்களுக்கு மனசாட்சியே கிடையாதுடா என்று வாய் கூசாமல் சொல்லி முடித்தேன்.

இன்று சனிக்கிழமை. புதுப் பையன் ஜெயித்துக் கொடுத்துவிட்டான் போலிருக்கிறது, தெருவே ஆரஞ்சுக் கொடியோடு கத்துகிறது. கேரி கதவைத் தட்டிக் கூப்பிடுகிறான். அட்டை மனிதனால் தானாக நிற்க முடியவில்லை. முழங்கால் மடிப்பில் சரிந்துகொண்டே இருக்கிறான். ஒரு கையால் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருந்த போனில் காசி பதிலுக்கு அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன்.

“பாவம்டா. அந்தப் பையனுக்குக் காலு இப்ப எப்படி இருக்குது? படிப்ப வுட்டுடப் போறான்டா. கூட யாராவது இருந்து, வுடாம பாத்துக்கச் சொல்லு.”

கேரி இன்னும் தட்டிக்கொண்டிருக்கிறான். கதவைத் திறக்க ஒரு கை வேண்டும். போனைக் கீழே வைக்க மனம் வரவில்லை, இவனை விட்டால் விழுந்துவிடுவான்.