திரை நடுவே ஒரு வெற்றிடம்

ஆரியசாலையில் எங்கள் ஒற்றை அறை வீட்டில் அம்மா ஜன்னலோரம் படுப்பாள். அவள் இறந்து மாதங்கள் ஆன பிறகும் அப்பாவும் நானும் அந்த இடத்தைச் சுற்றித்தான் நடந்தோம். படுத்திருப்பவரைத் தாண்டக் கூடாது என்று பழகிய கால்கள். நான் லேப்டாப்பை மடியில் வைத்து வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கும் அப்பா ஒரு பழைய மேசை வாங்கி வந்தார். போட ஜன்னலோரம் மட்டும்தான் இடம். இருவரும் அதைச் சொல்லவில்லை. மேசை வாசலருகிலேயே நின்றது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கழக்கூட்டம் ஐ.டி. ஆபீசில் எனக்கென்று செய்யத் தந்த முதல் திரையை யாரிடமும் கேட்காமல் முடிக்க நினைத்தேன். கடைகளுக்கான ஆப் அது. சலுகை இருந்தால் நடுவில் ஒரு பெட்டி வரும். இல்லாவிட்டால் மறைய வேண்டும். மறைத்தேன். பெட்டி போனது, இடம் போகவில்லை. பொருளின் பெயருக்கும் விலைக்கும் நடுவே வெள்ளையாக ஒரு வெற்றிடம். இடைவெளிக்கு மைனஸ் எண் கொடுத்து விலையை மேலே இழுத்தேன். என் போனில் சரியாக இருந்தது. என் சீனியர், மலையாளி சேச்சியின் சின்ன போனில் விலை, பெயரின்மேல் ஏறி உட்கார்ந்திருந்தது.

சேச்சி என் மைனஸ் எண்களையெல்லாம் அழித்தார். பெட்டிக்கு நான் ‘இன்விசிபிள்’ என்று எழுதியிருந்ததைக் காட்டினார்.

“ஆளு போயிட்டில்லெடோ. அவிடெத் தன்னெ உண்டு.”

ஆள் போகவில்லை, கண்ணுக்குத்தான் தெரியாது, இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருக்கும்; ‘கான்’, அதாவது ‘போய்விட்டது’ என்று போட்டால்தான் இடமும் போகும் என்றார்.

அந்த ஒரு சொல்லை மாற்றினேன். கீழே இருந்ததெல்லாம் சட்டென்று மேலே வந்து ஒட்டிக்கொண்டது. அங்கே ஏதோ இருந்த சுவடே இல்லை. பழையபடி மாற்றிப் பார்த்தேன். இடம் திறந்தது. மறுபடி மூடினேன்.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் கேட்டேன். “மேசைய ஜன்னல்கிட்ட போட்டுருவோமாப்பா?”

அவர் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஜன்னல் நெருங்கியதும், மேசை கையில் இருக்கும்போதே, வழக்கம்போல் அந்த இடத்தைச் சுற்றி வந்தார்.

“மெதுவா வை, மக்ளே.”

மூட்டையைத் தொப்பென்று போட்டுப் பழகியவர்.

அவர் டீ குடிக்கப் போன பிறகு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். திரையில் வெற்றிடம் இல்லை. மேசைக்கு அடியில் காலை நீட்டப் போனவள், மடக்கிக்கொண்டேன்.