நாப்பது வாட்ஸா, நூறு வாட்ஸா

எனக்கு வாய் சும்மா இருக்காதுங்க. எஞ்சினியரிங் படிக்கப் போயி அரியர்தான் சேந்துச்சு, கிண்டல் கொறையல.

எங்க எலக்ட்ரிக்கல் சாரு ஒரு கேள்வி கேட்டு, விடைக்குக் கை தூக்கச் சொல்வாரு. அப்புறம் பக்கத்துல இருக்கவன்கிட்ட பேசிட்டு மறுபடி தூக்கணும். அன்னைக்கு, "நாப்பது வாட்ஸ் பல்பு, நூறு வாட்ஸ் பல்பு, ரெண்டையும் ஒண்ணு பின்னால ஒண்ணா சீரிஸ்ல மாட்டுனா எது பளிச்சுன்னு எரியும்?"னாரு.

என் பக்கத்துல ஆவூர் ஆரோக்கியம். கிளாஸ்ல வாயே தொறக்காத பய, மொத தடவையா கை தூக்குனான், நாப்பதுக்கு. அதான் சரி. திருவிழாவுக்கு லைட்டு கட்டுற எனக்குத் தெரியாதா? ஆனாலும், "லூசா மாப்ள, நூறுதான்டா"ன்னு அடிச்சு விட்டேன். நம்பி மாத்தித் தூக்கிட்டான்.

சாரு அவனையே கூப்பிட்டு மாட்டிப் பாக்கச் சொன்னாரு. நாப்பதுதான் நல்லா எரிஞ்சுச்சு. கிளாஸே சிரிச்சுச்சு, நானுந்தான்.

"மொதல்ல சரியாத்தானப்பா சொன்ன, ஏன் மாத்துன?"

"நாந்தான் சார் தப்பா யோசிச்சுட்டேன்"னான். என்னையத் திரும்பிக்கூடப் பாக்கல. எனக்குச் சிரிப்பு நின்னுருச்சு. எந்திரிச்சு உண்மையச் சொல்லியிருக்கலாம். சொல்லல.

இப்பவும் எங்கூடத்தான் ஒக்காருறான். விடைய மெதுவா எங்கிட்ட மட்டும் சொல்வான். "கையத் தூக்குடா"ம்பேன். "நீ தூக்கு மாப்ள"ம்பான். அவன் விடைக்கு நான் எப்படிங்க கை தூக்குறது?